புள்ளி தெரியாத பாடங்கள்: பயிற்சிப் பாடக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இணையவழிப் பயிற்சிப் பாடக் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

கிராம சுகாதார செவிலியர்களுக்கும் வார்டு செவிலியர்களுக்கும் நீங்கள் தயாரித்து வரும் பாடங்களை இனி வடிவமைப்புச் சரிபார்ப்பு இல்லாமலே தளத்தில் ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். "கருத்து சரியாக இருக்கிறதா, அது போதும். அழகு பார்க்கிற வேலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்" என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. மதுரையில் மருத்துவப் பாடங்களுக்குப் படம் வரைகிறவர்கள், பக்கம் அமைக்கிறவர்கள், செவிலியர் பயிற்றுநர்கள் என்று பலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். இந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறோம்.

ஏற்கெனவே ஏறிவிட்ட பாடங்களைப் போனில் திறந்து பார்த்தோம். அவசர மருந்துகள் பாடத்தில் மி.லி. எது, மி.கி. எது என்று தெரியவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் இதயத்தின் முனை நோயாளியின் வலப்பக்கம் நீள்கிறது. அது நோயாளிக்குப் பிறவியில் வந்ததல்ல, ஸ்லைடில் படத்தைத் திருப்பிப் போட்டதில் வந்தது. கழிவு பிரிக்கும் பாடத்தில் சிவப்பு வாளியைப் பற்றிய ஸ்லைடுக்கு மஞ்சள் தலைப்புப் பட்டை. மூன்று பாடங்களின் எழுத்துப் பிரதியையும் வாங்கிப் படித்தால் கருத்தில் ஒரு பிழையும் கிடையாது. திரைக்கு வந்து சேர்வதற்குள் பிழையாகிவிட்டது.

பாடம் செய்தவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. பட்ட மேற்படிப்பு மாணவர், டியூட்டி முடித்து வந்த பயிற்றுநர், மருந்தாளுநர் என்று அவரவர் துறையில் தேர்ந்தவர்கள்தான். வடிவமைப்புக்கு மட்டும் புதியவர்கள். வெற்று ஸ்லைடைக் கையில் கொடுத்து "பத்து நாளில் முடித்துத் தாருங்கள்" என்றால், கண் பழகிய வடிவம்தான் கைக்கு வரும். நம் ஊரில் கண் பழகியது ஃப்ளெக்ஸ் போர்டு. ஏழு நிறம், எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு, அதற்கு மேல் நிழல், மூலைக்கு மூலை கைகூப்பிய படம். கல்யாண மண்டப வாசலில் அது பொருந்தும். அங்கே யாரும் மருந்தளவு படிப்பதில்லை. இதே ஊரில் இன்னொரு வடிவமும் இருக்கிறது. மாட்டுத்தாவணியில் நகர்ந்துகொண்டிருக்கும் பஸ்ஸின் போர்டை, கண்ணாடி போடாத பாட்டிகூட இருபதடி தள்ளி நின்று எழுத்துக்கூட்டிப் படித்து ஏறிவிடுகிறார். போய்ச்சேரும் ஊர் பெரிதாக, வழியில் வரும் ஊர்கள் சிறிதாக, வேறொன்றும் இல்லை. புதிதாகப் பாடம் செய்கிறவருக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் அந்த போர்டு போதும்.

பாடம் எங்கே பார்க்கப்படுகிறது? கருத்தரங்கக் கூடத்துப் புரொஜெக்டரில் பார்ப்பவர்கள் நீங்கள் மட்டும்தான். செவிலியர்கள் பார்ப்பது செக்கானூரணிப் பக்கமோ பேரையூர்ப் பக்கமோ ஒரு துணை சுகாதார நிலையத்தில், தடுப்பூசி நாள் வேலை முடிந்த பிறகு, ஆறரை அங்குலப் போனில். பவர்பாயிண்ட் ஸ்லைடின் அளவு 33.87 செ.மீ. அகலம், 19.05 செ.மீ. உயரம். படுக்கை வசத்தில் பிடித்த போனின் உயரம் ஏறத்தாழ 6.8 செ.மீ. ஆக, ஸ்லைடு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலான அளவுக்குச் சுருங்கிப்போகிறது. 24 பாயிண்டில் அடித்த எழுத்து கண்ணுக்கு எட்டரை பாயிண்ட். 18 பாயிண்ட் என்றால் ஆறரை. 12 பாயிண்ட் என்றால் நாலு சொச்சம். மாத்திரை அட்டையின் பின்பக்கத்து எழுத்து அது. போனை நிமிர்த்திப் பிடித்தாலோ எல்லாம் ஐந்தில் ஒரு பங்கு, 24 பாயிண்டும் ஐந்துக்குக் கீழே போய்விடும்.

டேட்டாவை மிச்சம் பிடிக்க வீடியோவை 360பி-க்குக் குறைத்துப் பார்ப்பது சாதாரண வழக்கம். அப்போது ஸ்லைடின் முழு உயரமும், அதாவது 540 பாயிண்டும், 360 பிக்சலுக்குள் அடங்க வேண்டும். 18 பாயிண்ட் எழுத்துக்குக் கிடைப்பது 12 பிக்சல். அந்தப் பன்னிரண்டுக்குள் மேல்விலங்கு, கீழ்விலங்கு, கொம்பு, புள்ளி எல்லாம் நின்றாக வேண்டும். புள்ளிக்கு ஒரு பிக்சல் கிடைத்தால் பெரிது, வீடியோவைச் சுருக்கும்போது அதுவும் கரைந்துவிடும். எழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி போனால் வாசிப்பு தடுமாறும். எண்ணின் நடுவில் இருக்கும் புள்ளி போனால் மருந்தளவு பத்து மடங்காகும்.

எனவே பாட உரை 28 பாயிண்டுக்குக் குறையக்கூடாது, தலைப்பு 40 பாயிண்ட். ஒரு ஸ்லைடில் ஐந்து வரி, வரிக்கு ஐந்தாறு சொல். வரி இடைவெளி 1.3 முதல் 1.5 வரை, தமிழில் மேலே சுழியும் கீழே காலும் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் நம் வரிகள் ஒன்றையொன்று உரசும். இடம் போதவில்லை என்றால் ஸ்லைடைக் கூட்டலாம், ஸ்லைடுக்குக் காசு கிடையாது. இதில் ஒரு மறைந்த குற்றவாளி உண்டு: பெட்டிக்குள் அடங்காத எழுத்தைத் தானாகவே சுருக்கிவிடும் ஆட்டோஃபிட். 12 பாயிண்ட் எழுத்தை யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, ஒவ்வொரு வரி சேர்க்கும்போதும் அது சுருக்கிச் சுருக்கிக் கொண்டுவந்து விடுகிறது. டெம்ப்ளேட்டிலேயே அதை அணைத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

தமிழ் எழுத்துக்கென்றே சில விதிகள் இருக்கின்றன. ஆங்கில வடிவமைப்புக் கையேடுகளில் இவை கிடைக்காது. அடிக்கோடு போடாதீர்கள்: கு, மு, டு, ழூ போன்றவற்றின் கீழ்ப்பகுதியை அந்தக் கோடு வெட்டிக்கொண்டு போகும். சாய்வெழுத்து வேண்டாம், பெரும்பாலான தமிழ் ஃபாண்ட்களில் அதற்கென்று வடிவம் கிடையாது, மென்பொருள் நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துச் சாய்த்துத் தள்ளுகிறது. தடித்த போல்டில் ண, ஞ, ணை ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், ஆகவே போல்டு தலைப்புக்கும் ஒன்றிரண்டு சொற்களுக்கும் மட்டும். இரு ஓரமும் ஒழுங்காக வரவேண்டும் என்று இழுத்துக் கட்டினால், நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவே பொந்து பொந்தாக இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கட்டும்.

ஃபாண்ட் விஷயத்தில் தயவு தாட்சண்யம் கூடாது. பாமினி என்ற பழைய ஃபாண்டில் அடித்த குறிப்புகளை ஸ்லைடில் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஃபாண்ட் இல்லாத போனில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று சிதறி நிற்கும். தேடினால் கிடைக்காது, கண் பார்வை குறைந்தவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலியும் உளறும். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்று அறிவித்தது 2010-இல். அதற்குப் பிறகும் பாமினியைச் சுமப்பதற்குக் காரணமே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர், இரண்டில் ஒன்று. இரண்டும் இலவசம். வீடியோ தொகுக்கும்போது கொம்பு எழுத்தைவிட்டுப் பிரிந்து 'கெ', 'கொ' எல்லாம் உடைந்து வருகிறதென்றால், பிரீமியர் என்ற தொகுப்பு மென்பொருளில் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வுக்கு மாற்ற வேண்டும். மாற்றத் தெரியாவிட்டால், எழுத்தை ஸ்லைடிலேயே முடித்துப் படமாக ஏற்றுமதி செய்துகொள்ளலாம்.

இனிச் சொல்லப்போவதை நாங்கள் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறோம். தமிழ் வாக்கியத்தில் மறுப்பு கடைசியில் வரும். "வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது" என்ற வாக்கியம் பெட்டிக்குள் மடிந்து, 'கூடாது' மட்டும் தனியாக அடுத்த வரியில் விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே தளத்தின் பிளே பொத்தான் பட்டை. போனில் பட்டை மேலே வந்து மூடும்போது செவிலியர் கண்ணில் படுவது "வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தக்". மேலைநாட்டு டெம்ப்ளேட் செய்தவருக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரிய வேண்டும். செய்யக்கூடாதவற்றுக்குத் தனி ஸ்லைடு வையுங்கள். 'கூடாது' அல்லது 'வேண்டாம்' என்பது பெருக்கல் குறியோடு தலைப்பிலேயே வரட்டும். வினையும் மறுப்பும் ஒரே வரியில் நிற்கட்டும். ஸ்லைடின் அடிப்பகுதியில் ஏழில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும்.

அடுத்து அளவுகள். மி.லி., மி.கி. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து. அதைச் சிறிய திரையில் சாம்பல் நிறத்தில் போட்டால் கண் ஊகித்துக்கொள்ளும், ஊகம் எப்போதும் சரியாக இருக்காது. முதல் தடவை வரும்போது மில்லிலிட்டர், மில்லிகிராம் என்று முழுதாக எழுத வேண்டும். மைக்ரோகிராமை எப்போதுமே முழுதாகத்தான் எழுத வேண்டும். எண் ஒரு வரியிலும் அலகு அடுத்த வரியிலும் பிரிந்து விழாமல் இடையில் பிரியா இடைவெளி போட வேண்டும். அரை மில்லியை 0.5 என்று எழுதுங்கள். முன்னால் சுழியம் இல்லாத புள்ளி-ஐந்து வெறும் ஐந்தாகப் படிக்கப்படும். ஐந்தை 5.0 என்று எழுதாதீர்கள், புள்ளி மறைந்தால் 50. யூனிட்டுக்கு ஆங்கில யூ எழுத்தை மட்டும் போடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். 10-க்குப் பக்கத்தில் ஒட்டி நின்றால் அது இன்னொரு சுழியமாகி 100 ஆகிவிடும். பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசினில் அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அட்ரினலின் ஸ்லைடைப் பாருங்கள். 1:1000, 1:10000 இரண்டும் ஒரே அட்டவணையில், ஒரே நிறத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. சுழியத்தை எண்ணிப் பார்த்துத்தான் வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும். நோயாளி மூச்சுக்குத் திணறும்போது யார் எண்ணுவார்கள்? அமெரிக்காவில் 2016 முதல் இம்மருந்தின் லேபிளிலிருந்து விகிதக் குறிப்பையே எடுத்துவிட்டார்கள். நாமும் "1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம்", "10 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம்" என்று எழுதலாம். அதிதீவிர ஒவ்வாமைக்குப் பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில் என்பது தனி ஸ்லைடு. இதயம் நின்றால் 1 மில்லிகிராம், ரத்தக் குழாயில் என்பது வேறு ஸ்லைடு. இரண்டையும் அக்கம்பக்கத்தில் வைப்பது இடத்தை மிச்சப்படுத்தும். வேறு எந்த நன்மையும் அதில் இல்லை.

மருந்துப் பெயர்களில் இன்னொரு சிக்கல். டோபமைன், டோபுட்டமைன் போன்ற இரட்டைப் பெயர்களை ஆங்கிலத்தில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டுவார்கள். நம்மிடம் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. 'புட்ட' என்ற பகுதிக்குத் தடிமனும் அடர் பின்னணியும் கொடுக்கலாம். எழுத்தைப் பாதியில் வெட்டி நிறம் மாற்றக்கூடாது. 'பு'வின் காலுக்கு ஒரு நிறம், தலைக்கு ஒரு நிறம் என்று ஆகிவிடும் அல்லது எழுத்தே உடைந்துவிடும்.

நிறத்துக்கு வருவோம். மருத்துவமனையில் நிறம் ஒரு மொழி. 2016-ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ரத்தம் தோய்ந்த பஞ்சுக்கும் திசுக்களுக்கும் காலாவதி மருந்துக்கும் மஞ்சள். ட்யூப், கதீட்டர், கையுறைக்குச் சிவப்பு. ஊசிக்கும் பிளேடுக்கும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டி. கண்ணாடிக் குப்பிக்கு நீலம். ரத்தக் குழாயில் மருந்து ஏற்றப் போடும் வென்ஃப்ளான் ஊசியில் 18-ஆம் அளவு பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள். ஆக்ஸிஜன் சிலிண்டர் கறுப்பு உடல், வெள்ளைத் தோள். இத்தனை நிறத்துக்கும் ஏற்கெனவே பொருள் இருக்கும் இடத்தில், "எடுப்பாக இருக்கட்டும்" என்று தலைப்புக்குச் சிவப்பும் பெட்டிக்கு மஞ்சளும் போடுவது, சிக்னலுக்குப் பக்கத்தில் சீரியல் பல்பு கட்டுவது மாதிரி.

ஆகவே டெம்ப்ளேட்டுக்கு நிறமே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பழுப்பு கலந்த வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, கோடுகளுக்கு அடர் சாம்பல். நிறம் பாடத்தின் பகுதியாக வரும் இடத்தில் மட்டும் நிறம். அங்கேயும் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் எந்த வார்டிலும் இருக்கலாம். தவிரவும் இந்த ஸ்லைடுகள் பனகல் சாலை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் அச்சாகித்தான் நோட்டீஸ் போர்டுக்கு வருகின்றன. அங்கே மஞ்சள் வாளி வெள்ளையாகவும், சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகவும் தெரியும். வாளியின் மேலேயே 'மஞ்சள்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

இன்சுலின் சிரிஞ்சு இதைவிட ஆபத்து. 40 யூனிட் சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100 யூனிட் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. வெயிலில் பிடித்த போன் திரையில் இரண்டும் ஒரே நிறம். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். படத்தில் மூடியைவிட '40', '100' என்ற எண்கள்தான் பெரிதாகத் தெரிய வேண்டும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை அளக்கலாம், அபிப்பிராயத்துக்கு விட வேண்டியதில்லை. இணைய அணுகல் வழிகாட்டி நெறிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதம் கேட்கின்றன. வெள்ளையில் பளிச்சென்ற மஞ்சள் எழுத்து 1.07, நீலத்தில் சிவப்பு 2.15, வெள்ளையில் பளீர்ச் சிவப்புகூட 4-ஐத் தாண்டாது. பெரிய எழுத்துக்கு 3 போதும் என்று ஒரு சலுகை உண்டு. போனில் சுருங்கிய பிறகு நம் எழுத்து எதுவும் பெரிய எழுத்தாக இருக்கப்போவதில்லை என்பதால் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படங்கள். இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், சறுக்கியது அவர்களுக்கே தெரிவதில்லை.

படத்தில் இருப்பவரின் முகம் எழுத்தைப் பார்த்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தைத் திருப்பிப் போடு என்பது விளம்பரத் துறையின் பழைய சூத்திரம். மருத்துவப் படத்தில் அது நடக்கக்கூடாத காரியம். திருப்பிய எக்ஸ்ரேயில் இதயம் இடம் மாறும், கல்லீரல் இடம் மாறும். இடம்-வலம் குறிக்கும் எழுத்தையும் சேர்த்து கிராப் செய்துவிட்டால் தவறைக் கண்டுபிடிக்கும் கடைசி வழியும் அடைபடும். புகைப்படத்திலும் அப்படித்தான். தட்டம்மை-ரூபெல்லாவுக்கான எம்.ஆர். தடுப்பூசி வலது மேல்கை, ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் இடது தொடை என்று அட்டவணையில் சொல்லிவிட்டு, திருப்பிய படத்தில் பக்கம் மாற்றிக் காட்டினால் குழந்தையின் கார்டில் ஒன்றும் உடம்பில் ஒன்றுமாக முடியும்.

இசிஜி தாளில் சின்னக் கட்டம் 1 மி.மீ. சதுரம், வேகம் நொடிக்கு 25 மி.மீ. என்றால் அது 0.04 நொடி. ஸ்லைடில் இடத்தை நிரப்பப் படத்தின் பக்கவாட்டுப் பிடியை இழுத்தால் சதுரம் செவ்வகமாகிவிடும், பார்ப்பவர் கண்ணளவில் எடுக்கும் இடைவெளி தப்பாகும். மூலைப் பிடியை மட்டுமே இழுக்க வேண்டும். கட்டங்கள் சதுரமாக இருக்கின்றனவா என்று ஒரு தாளின் விளிம்பை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தப் படத்தை ஜேபெக்காகச் சேமித்தால் கட்டங்கள் மங்கும், பிஎன்ஜி-யாகச் சேமியுங்கள்.

ஊசிக் கோணப் பாடத்தில் மூன்று இணையதளங்களிலிருந்து மூன்று படங்கள். ஒன்றில் தோல் கிடைமட்டம், ஒன்றில் சாய்வு, ஒன்றில் செங்குத்து. கோணத்தைக் கற்றுக்கொடுக்கும் ஸ்லைடில் கோணத்தை ஒப்பிடவே முடியாது. இதற்குப் புகைப்படத்தைவிடக் கோட்டோவியம் மேல்: தோல், கொழுப்பு, தசை என்று மூன்று கிடைமட்டப் பட்டைகள், அதே அளவு ஊசி, காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.க்கு 10 முதல் 15 டிகிரி, தோலுக்குள், எம்.ஆருக்கு 45 டிகிரி, தோலுக்கடியில். பென்டாவேலன்ட்டுக்கு 90 டிகிரி, தசைக்குள். முதலில் ஒவ்வொன்றும் தனி ஸ்லைடு, கடைசியில் மூன்றும் சேர்ந்த ஒன்று. பெயரைப் பகுதியின் பக்கத்திலேயே எழுதுங்கள். 1, 2, 3 என்று எண் போட்டுக் கீழே விளக்கம் கொடுத்தால், சின்னத் திரையில் கண் மேலும் கீழும் அலைந்தே ஓய்ந்துவிடும். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகள் வழியே காட்டிய முடிவுகளில் இதுவும் ஒன்று: படமும் அதற்குரிய சொல்லும் அருகருகே இருந்தால்தான் மனதில் சேரும்.

ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குப் பக்கத்தில் டம்ளர் படம் போட்டிருக்கிறீர்கள். "1 லிட்டர் நீரில் கரைக்கவும்" என்று எழுதியும் இருக்கிறது. எழுத்தும் படமும் முரண்பட்டால் நினைவில் நிற்பது படம். 200 மில்லி டம்ளரில் முழுப் பொட்டலத்தைக் கரைத்தால் உப்பு ஐந்து மடங்கு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் படத்தைப் போட இரண்டு நிமிடம் ஆகாது.

தோல் நிறம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல். அதில் தடிப்பு சிவப்பாகத் தெரியும், ஆக்ஸிஜன் குறைந்தால் உதடு நீலமாகத் தெரியும். உசிலம்பட்டியில் வரும் குழந்தையின் தோலில் அதே தடிப்பு கருத்தோ ஊதா சாயலிலோ இருக்கும். நீலத்தை நாக்கிலும் வாயின் உட்புறத்திலும் நகக்கண்ணிலும்தான் தேட வேண்டும். சோகையைக் கீழிமையின் உட்பக்கத்தில், மஞ்சள் காமாலையைக் கண்ணின் வெள்ளையில் பார்க்க வேண்டும். நம் மக்களின் படங்கள்தான் வேண்டும், அவற்றுக்கு ஃபில்டர் போடக்கூடாது. 'பளிச்'சாக்கும் போன் கேமரா வசதி முதலில் அழிப்பது இந்த நிற வேறுபாட்டைத்தான். ஜன்னல் வெளிச்சம், வெள்ளைத்தாள் ஒன்று பக்கத்தில், ஃபிளாஷ் இல்லாமல்.

நம் மக்களின் படம் என்றால் அவர்களின் சம்மதமும் வேண்டும். எழுத்தில், இணையத்தில் வெளியாகும் என்று விளக்கிப் பெற்ற சம்மதம். கண்ணுக்குக் கறுப்புப் பட்டை ஒட்டினால் ஆள் தெரியாது என்பது பழைய நம்பிக்கை. ஊர்க்காரர்கள் மூக்கையும் தோட்டையும் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கேஸ் ஷீட், கைப்பட்டை, எக்ஸ்ரேயின் மூலையில் இருக்கும் பெயர், படக்கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பு எல்லாவற்றையும் நீக்க வேண்டும். பெயரை ஒரு கறுப்புச் சதுரம் போட்டு மறைத்துவிட்டு ஸ்லைடைப் பிபிடி-யாகவே பகிர்ந்தால், சதுரத்தை நகர்த்தினால் பெயர் வந்துவிடும். கிராப் செய்ததும் அப்படியே. 'கிராப் செய்த பகுதியை அழி' என்று தனியாகச் சொல்லாதவரை முழுப் படமும் கோப்புக்குள் இருக்கும்.

குரலைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்லைடில் உள்ள பத்தியைக் குரல் அப்படியே வாசிக்கிறது. கண் முந்திப் போகிறது, காது பின்தங்குகிறது, இரண்டும் மோதுகின்றன. திரையில் படமும் கலைச்சொல்லும் எண்ணும் மட்டும் இருக்க, விளக்கத்தைக் குரல் சொல்லட்டும். வார்டில் சத்தமில்லாமல் பார்க்கிறவர்களுக்கு, வேண்டும்போது திறந்துகொள்ளும்படி வசன வரி கொடுக்கலாம். எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் வீடியோக்களை ஆராய்ந்து 2014-இல் வந்த ஆய்வு, ஆறு நிமிடத்துக்குமேல் பார்வையாளர் கவனம் நிற்பதில்லை என்றது. உங்கள் பாடங்களில் வரவேற்புரையும் நன்றியுரையுமே அந்த ஆறு நிமிடத்தைத் தின்றுவிடுகின்றன.

பின்னணி இசை வேண்டாம். சுழன்று வரும் எழுத்து வேண்டாம். அசைவு தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: நெஞ்சை அழுத்தும் படம். அது நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற தாளத்தில் ஓட வேண்டும், அதாவது ஓர் அழுத்தத்துக்கு ஏறத்தாழ 0.55 நொடி. இப்போது இருப்பது கிட்டத்தட்ட நொடிக்கு ஒன்று. கீழே "100–120" என்று எழுதியிருந்தாலும் கை கற்றுக்கொள்வது படத்தின் தாளத்தைத்தான்.

இதற்கெல்லாம் ஆளும் நேரமும் இல்லை என்பீர்கள். இருபது ஸ்லைடு உள்ள ஒரு பாடத்தைச் சீர்செய்ய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். டெம்ப்ளேட் ஒருமுறை அமைந்துவிட்டால் அதுவும் பாதியாகும். ஸ்லைடு மாஸ்டரில் ஃபாண்ட், அளவு, ஓர இடைவெளி, அடிப்பகுதிக் காலியிடம் நான்கையும் பூட்டி வைத்தால் புதியவர் தவறு செய்வதற்கான வாய்ப்பே குறைந்துவிடும். சோதனைக்குத் தனிக் கருவி வேண்டாம். வீடியோவை 360பி-யில் போனில் ஓடவிட்டு, கையை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். ஒரு ஸ்லைடைக் கறுப்பு வெள்ளையில் அச்சடியுங்கள். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு செவிலியரிடம் ஒரு ஸ்லைடை ஐந்து நொடி காட்டி மூடிவிட்டு, "என்ன செய்யச் சொல்கிறது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த ஸ்லைடு தேறவில்லை.

1954-இல் மருத்துவக் கல்லூரி வந்த ஊர் இது. 1976-இல் தொடங்கி, பள்ளி முடித்த கிராமத்துப் பெண்களைக் கண் மருத்துவப் பணியாளர்களாகப் பயிற்றுவித்துக் காட்டிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஊரும் இதுதான். பயிற்சி கொடுப்பது மதுரைக்குப் புதிதல்ல என்பதால்தான் இவ்வளவு உரிமையோடு கேட்கிறோம்.

வடிவமைப்புச் சரிபார்ப்பை நீக்கிய முடிவைத் திரும்பப் பெறுங்கள். எந்தப் பாடமும் தளத்தில் ஏறும் முன், அதைச் செய்யாத ஒரு செவிலியரும் ஒரு வடிவமைப்பாளரும் போனில் முழுதாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

மருந்தளவு, எக்ஸ்ரே-இசிஜி, கழிவு பிரித்தல் ஆகிய மூன்று வகைப் பாடங்களைத் திருத்தி முடிக்கும்வரை தளத்திலிருந்து இறக்கி வையுங்கள். ஏற்கெனவே அவற்றைப் பார்த்து முடித்த செவிலியர்களுக்கு எது தவறாக இருந்தது, எது சரி என்று ஸ்லைடு எண்ணோடு செய்தி அனுப்புங்கள். சத்தமில்லாமல் மாற்றிவிடுவது போதாது.

மேலே சொன்ன அளவுகளில், யூனிகோடில், ஒரே ஒரு டெம்ப்ளேட்டை எல்லாருக்கும் கொடுங்கள். அதை அமைத்துத் தர நாங்கள் தயார், அதற்குக் கட்டணம் வேண்டாம். ஊசிக் கோணம், கைகழுவும் படிகள், தடுப்பூசி போடும் இடங்கள் போல எல்லாப் பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும் கோட்டோவியங்களை ஒருமுறை காசு கொடுத்து வரைந்து பொதுவில் வையுங்கள். வரைகிறவருக்கு உரிய கூலி கொடுங்கள். சம்மதத்தோடு எடுத்த நம் பகுதி நோயாளிகளின் படங்களுக்கு ஒரு தொகுப்பும், சம்மதப் படிவத்துக்கு ஒரே தமிழ் மாதிரியும் வேண்டும்.

பாடம் செய்கிறவர்களுக்கு அரைநாள் பயிற்சி கொடுங்கள், டியூட்டி நேரத்துக்குள். ஒவ்வொரு பாடத்தின் கடைசி ஸ்லைடிலும் திருத்திய தேதியும், பிழை கண்டால் தெரிவிக்க ஓர் எண்ணும் இருக்கட்டும்.

முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். அந்த எக்ஸ்ரேக்கு மட்டும் முப்பது நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்றே இறக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவப் பாடங்களுக்குப் படம் வரைவோர், பக்கம் அமைப்போர், செவிலியர் பயிற்றுநர்கள்
மதுரை